விலங்குகளில் அரிய ரத்த அணுக் கட்டிகள்: இனங்காணலும் இனமயக்கமும்

1. பொருளும் எல்லையும்

மூக்கில் ரத்தம் ஒழுக ஒரு நாயைக் கொண்டுவருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். வயது எட்டு. ஒரு மாதமாகச் சோர்வு; தீனியில் நாட்டமில்லை. ரத்தத்தைச் சோதித்தால் தட்டணுக்கள் குறைவு, குளோபுலின் புரதம் மிகுதி. எலும்பு மஜ்ஜையை ஊசியால் உறிஞ்சிப் பார்த்தால் பிளாஸ்மா அணுக்கள் கூட்டம் கூட்டமாகத் தெரிகின்றன. பாடநூலைத் திறந்து வைத்திருப்பவர் 'மல்டிபிள் மைலோமா' என்று எழுதிவிடுவார். அதே நாயின் காது மடலை விரித்து, விரலிடுக்குகளை விலக்கி உண்ணி தேடுபவர் வேறொன்றை எழுதுவார். இருவர் கையிலும் இருப்பது ஒரே சான்றுதான். முதல் பெயர் ரத்தப் புற்றைக் குறிக்கிறது. இரண்டாவது, மாத்திரையில் ஆறக்கூடிய தொற்றைக் குறிக்கிறது.

ரத்த அணுக்களிலிருந்தோ, அவற்றை ஈன்றெடுக்கும் மஜ்ஜை அணுக்களிலிருந்தோ, ரத்தத்தை விட்டுத் திசுக்களில் குடியேறிவிட்ட அவற்றின் உறவினங்களிலிருந்தோ எழும் கட்டிகளை இங்கே ரத்த அணுக் கட்டிகள் என்கிறேன். லுகேமியா, மைலோமா, ஹிஸ்டியோசைட்டுச் சார்கோமா, மாஸ்ட் அணுக் கட்டி, சிவப்பணுப் பெருக்கம் ஆகியவை இதில் அடங்கும். நாயிலும் பூனையிலும் அன்றாடம் காணும் லிம்போமாவைத் தனியே விரிக்கவில்லை. ஒப்பீட்டுக்கு மட்டும் வந்துபோகும். இக்கட்டிகளை இனங்காண்பதில் உள்ள சிக்கலுக்குக் கருவிப் பற்றாக்குறை ஒரு காரணம்தான். அதைவிடப் பெரிய காரணம், நம் வெப்ப நிலத்தில் உண்ணி பரப்பும் நோய்கள் இக்கட்டிகளின் சாயலை அப்படியே அணிந்து வருவது. அரியதைச் சொல்லுமுன் எளியதை விலக்கியாக வேண்டும் என்ற பழைய விதி இங்கே ஒழுக்கமாகவே மாறிவிடுகிறது.

2. கோழியிலிருந்து தொடங்கிய வரலாறு

1908-இல் கோபன்ஹேகனில் வில்ஹெல்ம் எல்லர்மன், ஒலுஃப் பாங் என்ற இருவர் லுகேமியா கண்ட கோழியின் உறுப்புச் சாற்றை, அணு எதுவும் கடக்க முடியாத வடிகட்டியில் செலுத்தி, வடிந்த நீரை நலமான கோழிக்கு ஏற்றினார்கள். அந்தக் கோழிக்கும் லுகேமியா வந்தது. ஆனால் லுகேமியா புற்றுநோய்தான் என்று அன்றைய மருத்துவம் ஒப்புக்கொள்ளவில்லை. அதனால் கண்டுபிடிப்பு கண்டுகொள்ளப்படாமல் போனது. மூன்றாண்டு கழித்து நியூயார்க்கில் பெய்ட்டன் ரவுஸ் கோழியின் திண்கட்டியில் இதையே செய்து காட்டினார். அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது 1966-இல், ஐம்பத்தைந்து ஆண்டு காத்திருப்புக்குப் பிறகு. வைரசால் புற்று வரும் என்ற கருத்து முதலில் கோழிக் கூண்டிலிருந்து வந்தது என்பதை மனித மருத்துவ நூல்கள் ஓரிரு வரியில் கடந்துவிடுகின்றன.

1964-இல் கிளாஸ்கோவில் வில்லியம் ஜாரெட், ஒரே வீட்டில் வளர்ந்த பூனைகளுக்கு அடுத்தடுத்து லிம்போமா வந்ததன் காரணத்தைத் தேடிப் பூனை லுகேமியா வைரசைக் கண்டார். 1969-இல் மாட்டு லுகோசிஸ் வைரஸ் அமெரிக்காவில் அறியப்பட்டது. இந்த மாட்டு வைரசின் போக்கு வியப்பானது. தொற்றிய மாடுகளில் பெரும்பாலானவற்றுக்கு வாழ்நாள் முழுதும் ஒன்றும் ஆவதில்லை. ஏறத்தாழ மூன்றில் ஒன்றுக்கு லிம்போசைட்டுகள் நிலையாக உயர்ந்து நிற்கும். நூற்றுக்கு ஐந்துக்கும் குறைவானவற்றில்தான் கட்டி எழும். அதுவும் பெரும்பாலும் நடு வயதைத் தாண்டிய பிறகு. எழும் இடங்களும் ஒரு வகையானவை: இதயத்தின் வலது மேலறை, நான்காம் இரைப்பை, கருப்பை, முதுகுத்தண்டின் உட்குழாய், கண்ணுக்குப் பின்புறம்.

கோழிக்கு மீண்டும் வருவோம். மாரெக் நோய்க்கு எதிராகக் குஞ்சு பொரிந்த அன்றே ஊசி போடுவது நாமக்கல் பண்ணைக்காரருக்கு அன்றாட வேலை. ஒரு புற்றுநோய்க்கு எதிராகப் பரவலான பயன்பாட்டுக்கு வந்த முதல் தடுப்பூசி அதுதான் என்பது அவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும் என்று தெரியவில்லை. மாரெக்கும் லிம்பாய்டு லுகோசிசும் பண்ணைகள் நன்கறிந்த நோய்கள். அரிய வகை ஒன்று உண்டு: 1980-களின் இறுதியில் பிரிட்டனில் கறிக்கோழி வகையில் கண்டறியப்பட்ட 'ஜே' உட்பிரிவு வைரஸ் உண்டாக்கும் மைலாய்டு லுகோசிஸ். இதில் மஜ்ஜை அணுக்கள் எலும்பின் மேற்பரப்பிலேயே, குறிப்பாக மார்பெலும்பிலும் விலாவிலும் மண்டையோட்டிலும், வெளிர்மஞ்சளாகக் கட்டி கட்டி நிற்கும். அறுத்துப் பார்ப்பவர் கண்ணுக்குச் சீழ் இறுகிக் கிடப்பதுபோல் தோன்றலாம். அதிலிருந்து ஒரு பூச்சு எடுத்துச் சாயமேற்றினால் செம்மணிகள் நிரம்பிய உருண்டை அணுக்கள் மட்டுமே தெரியும். சீழின் கலவை அங்கே இராது.

3. இனத்துக்கு இனம் மாறும் ரத்தம்

மனித ரத்தம் பார்த்துப் பழகிய கண், விலங்கு ரத்தத்தில் முதல் நாளே வழுக்கி விழும். மாட்டில் நியூட்ரோஃபில்களைவிட லிம்போசைட்டுகளே இயல்பாக மிகுதி, ஏறத்தாழ இரண்டுக்கு ஒன்று. மனித அளவுகோலில் இது சந்தேகத்துக்குரிய எண். மாட்டுக்கு இதுதான் நலம். கோழியின் சிவப்பணுவிலும் தட்டணுவிலும் உட்கரு உண்டு. ஆகவே உட்கருவைக் கொண்டு வெள்ளணுவைப் பிரித்தெண்ணும் கருவி, கோழி ரத்தத்தில் கொடுக்கும் எண்ணுக்குப் பொருளே இல்லை. ஆட்டின் சிவப்பணு மூன்று நான்கு மைக்ரான் விட்டமே உடையது, நாயினதில் ஏறத்தாழப் பாதி. நாய்க்கெனச் சரிசெய்த எண்ணியில் ஆட்டு ரத்தத்தை விட்டால் சிவப்பணுக்கள் தட்டணுக் கணக்கில் போய்ச் சேரும்.

யானையைச் சொல்லாமல் கடக்க முடியவில்லை. அதன் மோனோசைட்டின் உட்கரு இரண்டு மூன்று மடலாகப் பிளந்திருக்கும். தெரியாதவர் அதை நியூட்ரோஃபில் என்று எண்ணிவிடுவார்; கருவியோ லிம்போசைட் என்று எண்ணிவிடும். முதுமலையிலோ கோயிலிலோ உள்ள யானையின் ரத்த அறிக்கையில் 'லிம்போசைட் மிகுதி' என்று கண்டால், லுகேமியா பற்றி நினைக்குமுன் எண்ணியது கண்ணா கருவியா என்று கேட்பது நல்லது. யானைக்குப் புற்றுநோய் அரிதாகவே வருகிறது. கட்டிகளைத் தடுக்கும் டிபி53 என்ற மரபணுவின் படிகள் அதனிடம் ஏறத்தாழ இருபது உள்ளன என்று 2015-இல் அறியப்பட்டது. நம்மிடம் இருப்பது ஒரே மரபணுவின் இணை.

நாயினங்களுக்குள்ளும் வேறுபாடு உண்டு. கிரேஹவுண்டின் சிவப்பணு விகிதம் 60 சதவீதத்தைத் தொட்டாலும் அது நோயாகாது. கவலியர் கிங் சார்லஸ் நாயின் தட்டணுக்கள் பெரியவை, எண்ணிக்கையில் குறைந்தவை. அதுவும் அதன் இயல்பே. பூனையின் தட்டணுக்களோ குழாயில் விழுந்ததுமே ஒன்றையொன்று பற்றிக்கொண்டு கருவிக்குத் தப்பிவிடும்.

4. பூச்சு: எடுப்பதும் கெடுப்பதும்

இத்தனைக்கும் மருந்து ஒன்றுதான்: ஒரு துளி ரத்தம், ஒரு கண்ணாடித் தகடு, ஒரு சாயம், பொறுமை. ஆய்வகங்களில் 'ஸ்மியர்' என்றே வழங்கும் ரத்தப் பூச்சைப் பற்றித்தான் இக்கட்டுரையில் நான் அதிகம் வற்புறுத்துவேன். அரிய கட்டியை இனங்காண்பதில் நேரும் தவறுகளில் பாதிக்கு மேல் அணுவைப் பார்ப்பதற்கு முன்பே நிகழ்ந்துவிடுகின்றன என்பது என் எண்ணம்.

ஊதா மூடிக் குழாயில் எடுத்த ரத்தம் நேரம் ஆக ஆக மாறும். உட்கரு வீங்கும், மோனோசைட்டில் குமிழிகள் தோன்றும், நல்ல அணுவும் நோய்பட்ட அணுப்போல் காட்சி தரும். சித்திரை வெயிலில் பேருந்தில் போய்ச் சேரும் குழாயை நம்பி லுகேமியாவை உறுதிசெய்ய முடியாது. எடுத்த இடத்திலேயே இரண்டு மூன்று பூச்சுகளைப் போட்டு, விசிறிக் காற்றில் உலர்த்தி, குழாயோடு சேர்த்து அனுப்புவதே முறை. குழாயைக் குளிரில் வைக்கலாம். தகட்டை வைக்கக் கூடாது. வெளியே எடுத்ததும் அதன்மேல் படியும் ஈரம் அணுக்களை வெடிக்க வைத்துவிடும்.

இன்னொரு தவறு இன்னும் எளிதானது. தோலிலிருந்தோ நிணநீர் முடிச்சிலிருந்தோ உறிஞ்சிய அணுக்களின் தகட்டையும், ஃபார்மலினில் இட்ட திசுத்துண்டையும் ஒரே பொட்டலத்தில் அனுப்பிவிடுவார்கள். ஃபார்மலின் ஆவி மூடியைத் தாண்டித் தகட்டை எட்டும். அதன்பின் அந்த அணுக்கள் லீஷ்மன் சாயத்தையோ கிம்சா சாயத்தையோ ஒழுங்காக ஏற்பதில்லை. எல்லாம் ஒரே நீலப்பச்சை மங்கலாகப் போகும். இரண்டு பொட்டலம் கட்டினால் தீர்ந்தது.

மூன்றாவது, மாதிரி எடுக்குமுன் பிரெட்னிசலோன் கொடுத்துவிடுவது. நெறி கட்டியிருக்கிறது, காய்ச்சலும் இருக்கிறது, வளர்ப்பவர் கவலையோடு நிற்கிறார், ஏதாவது கொடுத்தாக வேண்டும் என்ற நெருக்கடி புரிகிறது. ஆனால் அந்த மருந்து லிம்போசைட்டுகளைக் கரைத்துவிடும். ஒரு வாரம் நாய் துள்ளி விளையாடும், முடிச்சு சுருங்கும். பிறகு கட்டி திரும்பும்போது மருந்துகளுக்கு எளிதில் இணங்காத வகையாகத் திரும்பலாம். இடையில் எடுத்த மாதிரியோ யாருக்கும் பயன்படாது.

மஜ்ஜையை நாயில் தோள் எலும்பின் மேல்முனையிலிருந்தோ இடுப்பெலும்பின் விளிம்பிலிருந்தோ எடுப்பார்கள். சிறு நாய்க்கும் பூனைக்கும் தொடையெலும்பின் மேல்குழி வசதி. குதிரைக்கும் மாட்டுக்கும் மார்பெலும்போ விலாவோ. வெளியே வந்த மஜ்ஜை நொடிகளில் உறைந்துவிடும் என்பதால் தகடுகளைச் சாய்த்து அடுக்கி வைத்துக்கொண்டுதான் ஊசியைக் கையில் எடுக்க வேண்டும்.

5. அரிய வகைகள்

5.1 கடும் லுகேமியா

மஜ்ஜையில் முதிராக் கருவணுக்கள் 20 சதவீதத்தை எட்டினால் கடும் லுகேமியா என்பது இன்றைய அளவுகோல். 1991-இல் என்.சி. ஜெயின் முதலியோர் நாய்க்கும் பூனைக்கும் வகைப்பாடு முன்மொழிந்தபோது மனித மருத்துவத்தைப் பின்பற்றி 30 என்று வைத்தார்கள்; மனித அளவு குறைந்தபோது இதுவும் குறைந்தது.

கண்ணால் மட்டும் பார்த்து இந்தக் கருவணு லிம்பாய்டா மைலாய்டா என்று சொல்வது துணிச்சல். சில வேளை அணுவே குறிப்புக் கொடுக்கும். தட்டணுவின் தாயணுவிலிருந்து எழும் மிக அரிய மெகாகேரியோபிளாஸ்ட் லுகேமியாவில் அணுவின் விளிம்பு குமிழ் குமிழாகப் பிதுங்கியிருக்கும், அங்கேயே தட்டணுக்களை உதிர்க்க முயல்வதுபோல. பூனையின் எரித்ராய்டு லுகேமியாவோ ரத்த சோகை வேடத்தில் வரும். கடும் சோகை, உட்கருவுள்ள சிவப்பணுக்கள் ரத்தத்தில் ஏராளம். மஜ்ஜை மும்முரமாக ஈடுசெய்கிறது என்று மகிழத் தோன்றும். ஆனால் ரெட்டிகுலோசைட்டுகளை எண்ணினால் அவை இல்லை. தாயணுக்கள் இருக்க இடைநிலை அணுக்கள் இல்லாத இந்த முரண்தான் துப்பு. காரீய நஞ்சிலும் ஓரளவு இதே காட்சி வரும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

நாட்பட்ட லிம்போசைட் லுகேமியாவில் நாய் மனிதரிடமிருந்து விலகி நிற்கிறது. மனிதரில் இது பெரும்பாலும் பி-அணு நோய்; நாயில் ஏறத்தாழப் பத்தில் ஏழு டி-அணு வகை, பல மண்ணீரலில் தொடங்கி, சைட்டோபிளாசத்தில் செம்மணிகளைத் தாங்கியவை. மனித நூலிலிருந்து நாய்க்கு வைத்தியம் கற்றுக்கொள்பவருக்கு இது ஒரு எச்சரிக்கை. மறுபுறம் நாட்பட்ட மைலாய்டு லுகேமியாவில் ஒற்றுமை வியக்க வைக்கிறது. மனிதரில் 9, 22 ஆம் குரோமோசோம்கள் துண்டு மாற்றிக்கொண்டு பிலடெல்ஃபியா குரோமோசோம் உருவாகிறது. அதே இரண்டு மரபணுக்களின் இணைப்பு நாயில் 9, 26 ஆம் குரோமோசோம்களுக்கு இடையில் நிகழ்வதை 2008-இல் காட்டினார்கள். வட கரோலினாவில் ஆய்வு நடந்த நகரின் பெயரால் அது ராலே குரோமோசோம் எனப்படுகிறது.

5.2 மைலோமா

நாயின் எல்லாக் கட்டிகளிலும் மைலோமா ஒரு சதவீதத்துக்கும் குறைவு. பிளாஸ்மா அணுவின் ஒரே குலம் பெருகி, ஒரே வகை இம்யூனோகுளோபுலினைக் கொட்டிக்கொண்டே இருக்கும். ரத்தம் கூழாகத் தடிக்கும். விழித்திரையில் நாளங்கள் முறுக்கி வெடிக்கும், மூக்கில் ரத்தம் ஒழுகும், நாய் தள்ளாடும், சிறுநீரகம் சோரும். முதுகெலும்பின் எக்ஸ்ரேயில் துளைக்கருவியால் குத்தி எடுத்ததுபோல ஓட்டைகள் தெரியலாம். பூனையில் இந்த ஓட்டைகள் குறைவு.

நான்கு அடையாளங்களில் இரண்டாவது தேவை என்பது வழக்கம்: மஜ்ஜையில் பிளாஸ்மா அணுக்கள் 20 சதவீதத்துக்கு மேல், ரத்தப் புரதங்களின் மின்நகர்ச்சியில் ஒற்றைக் கூர்முனை, எலும்பு அரிப்பு, சிறுநீரில் பென்ஸ் ஜோன்ஸ் புரதம். ஹென்றி பென்ஸ் ஜோன்ஸ் 1840-களில் லண்டனில் விவரித்த இப்புரதத்தின் குணம் வினோதமானது. சிறுநீரைச் சூடாக்கினால் 60 பாகை செல்சியசை எட்டுவதற்குள் திரிந்து கலங்கும். கொதிநிலையை நெருங்கினால் மீண்டும் கரைந்து தெளியும். இன்று சிறுநீரில் நனைக்கும் பட்டை அல்புமினைத்தான் உணரும். இந்தப் புரதம் அதற்குச் சிக்காது. பட்டை 'இல்லை' என்றதும் விட்டுவிடுபவர், நான்கு அடையாளங்களில் ஒன்றை எடுத்துப் பார்க்காமலே இழக்கிறார்.

இனங்கண்டால் பயன் உண்டு. மெல்ஃபலானும் பிரெட்னிசலோனும் கொடுத்த 60 நாய்களைப் பற்றி 1986-இல் வெளியான ஆய்வில் இடைநிலை வாழ்நாள் 540 நாள். நாய்க்கு ஒன்றரை ஆண்டு என்பது நம் கணக்கில் ஏறக்குறைய பத்தாண்டு.

5.3 ரத்தம் விழுங்கும் ஹிஸ்டியோசைட்டுகள்

பெர்னீஸ் மலைநாய், ஃப்ளாட்-கோட்டட் ரிட்ரீவர் ஆகிய இனங்களில் ஹிஸ்டியோசைட்டுச் சார்கோமா குடும்பச் சொத்துப்போல் இறங்குகிறது. அதில் ஒரு கிளை தனித்தது: மண்ணீரலிலும் மஜ்ஜையிலும் உள்ள மேக்ரோஃபேஜ்களே புற்றாகி, தம்மைக் கடந்துபோகும் சிவப்பணுக்களை விழுங்கத் தொடங்கும். நாய்க்குச் சோகை வரும், தட்டணு குறையும், மஜ்ஜை ஈடுசெய்ய முயலும். தன்னெதிர்ப்புச் சோகையின் நேர்ப்பிரதி இது. மருத்துவர் ஸ்டிராய்டைத் தொடங்குவதில் வியப்பில்லை. விலகல் எங்கே என்றால், தன்னெதிர்ப்பைக் காட்டும் கூம்ஸ் சோதனை எதிர்மறையாக வரும். அல்புமினும் கொலஸ்டிராலும் தாழ்ந்திருக்கும். இந்தக் கிளையை மற்றவற்றிலிருந்து பிரித்து 2006-இல் விவரித்தவர்கள் கலிஃபோர்னியாவின் டேவிஸ் நகர ஆய்வாளர்கள். சிடி11டி என்ற குறியீடுதான் அவர்களுக்கு வழிகாட்டியது. கண்டபின் நாய் வாழ்வது பெரும்பாலும் சில வாரங்களே.

5.4 மாஸ்ட் அணு

நாயின் தோலில் மாஸ்ட் அணுக் கட்டி சாதாரணம். அதுவே ரத்தத்தில் லுகேமியாவாக ஓடுவது அரிது. முன்பெல்லாம் தோல் கட்டி பரவிவிட்டதா என்று அறிய, ரத்தத்தைச் சுழற்றி வெள்ளணுப் படலத்தை எடுத்து மாஸ்ட் அணுவைத் தேடினார்கள். 1999-இல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வு இந்த வழக்கத்தின் காலை வாரிவிட்டது. ரத்தத்தில் மாஸ்ட் அணு தென்பட்ட நாய்களில் பெரும்பாலானவற்றுக்கு மாஸ்ட் அணுக் கட்டியே இல்லை. குடல் அழற்சி போன்ற வேறு நோய்களே இருந்தன.

இன்னொரு பொறி சாயத்தில் இருக்கிறது. கிளினிக்குகளில் நிமிடத்தில் முடியும் உடனடிச் சாயம் சில மாஸ்ட் அணுக்களின் மணிகளை ஏற்றுவதே இல்லை. மணியற்ற உருண்டை அணுவைப் பார்ப்பவர் லிம்போமா என்றோ ஹிஸ்டியோசைட்டோமா என்றோ எழுதிவிடுவார். ஐயம் எழுந்தால் டொலுயிடின் நீலத்தில் தோய்த்த இன்னொரு தகடு, மணிகளை ஊதாவாகக் காட்டிக்கொடுக்கும். மணிகள் இருந்து உட்கரு மடல்பட்டிருந்தால் அது மாஸ்ட் அணுவே அன்று, பேசோஃபில். பேசோஃபில் லுகேமியா இதைவிடவும் அரிது.

பூனையில் ஒரு நல்ல செய்தி. மண்ணீரலில் எழும் மாஸ்ட் அணுக் கட்டி ரத்தத்திலும் மஜ்ஜையிலும் பரவியிருந்தாலும், மண்ணீரலை எடுத்துவிட்டால் பல பூனைகள் ஓராண்டுக்கு மேலும் நலமாக இருக்கின்றன.

5.5 சிவப்பணுப் பெருக்கம்

ரத்தம் குறைந்து வரும் நோய்களுக்கிடையே இது ரத்தம் மிகுந்து வரும் நோய். சிவப்பணு விகிதம் 65, 70 என ஏறி, ஈறு செங்கல் நிறமாகி, நாய் வலிப்புக் காணும். முதலில் நீரிழப்பை விலக்க வேண்டும். பிறகு பிறவி இதயக் கோளாறையும் சிறுநீரகக் கட்டியையும். எல்லாம் விலகியபின் எஞ்சுவதே உண்மையான பாலிசைத்தீமியா. சிகிச்சை மிகப் பழையது: ரத்தத்தை இறக்குவது. ஹைட்ராக்ஸியூரியா மாத்திரை அதன்பின்.

6. உண்ணி அணிவிக்கும் வேடம்

முதற்பகுதியின் நாயிடம் திரும்ப வேண்டிய இடம் இது.

எர்லிக்கியா கேனிஸ் என்ற நுண்ணுயிரை 1935-இல் அல்ஜீரியாவில் டொனாசியனும் லெஸ்தொக்காரும் விவரித்தார்கள். வியட்நாம் போரில் அமெரிக்கப் படையின் ஜெர்மன் ஷெப்பர்டுகள் மூக்கில் ரத்தம் கொட்டி மடிந்தபோதுதான் உலகம் அதைத் திரும்பிப் பார்த்தது. பழுப்பு நாய் உண்ணி அதைப் பரப்புகிறது. அந்த உண்ணி நம் வீட்டுச் சுவர் விரிசலிலேயே முட்டையிட்டு வாழும். 'உண்ணிக் காய்ச்சல்' என்று நாய் வளர்ப்போர் சொல்வது பெரும்பாலும் இதையும், இதனுடன் சேர்ந்து வரும் பபேசியாவையும்தான்.

நாட்பட்ட எர்லிக்கியா என்ன செய்கிறது என்று வரிசையாகப் பார்த்தால் திகைப்பாக இருக்கும். தட்டணுவைக் குறைக்கிறது. குளோபுலினை உயர்த்துகிறது. மஜ்ஜையில் பிளாஸ்மா அணுக்களைப் பெருக்குகிறது. செம்மணி தாங்கிய லிம்போசைட்டுகளை ரத்தத்தில் ஏற்றுகிறது; அவை 5.1-இல் சொன்ன டி-அணு லுகேமியாவின் அணுக்களோடு அச்சொட்டாகப் பொருந்தும். மின்நகர்ச்சியில் பெரும்பாலும் அகன்ற மேடுதான் வரும், பல குலங்கள் சேர்ந்து புரதம் சுரப்பதால். ஆனால் சில நாய்களில் மைலோமாவைப் போலவே ஒற்றைக் கூர்முனையே எழும். நான்கு அடையாளங்களில் இரண்டு, புற்று எதுவும் இல்லாமலே நிறைவேறிவிடுகின்றன.

ஆகவே நம் நாட்டு நாய்க்கு மைலோமா என்று எழுதுமுன் எர்லிக்கியாவை பி.சி.ஆரிலும் எதிர்ப்பொருள் சோதனையிலும் தேட வேண்டும். எலும்பை எக்ஸ்ரே எடுக்க வேண்டும். ரத்தச் சுண்ணாம்பைப் பார்க்க வேண்டும். வசதி இல்லாத இடத்தில் டாக்ஸிசைக்ளின் நான்கு வாரம் கொடுத்துப் பார்ப்பதும் ஒரு சோதனையே. தட்டணு சில நாளில் ஏறத் தொடங்கினால் பதில் கிடைத்தாயிற்று. குளோபுலின் இறங்குவதற்கு மாதங்கள் ஆகும். அது இறங்கவில்லையே என்று அவசரப்பட்டுப் பெயரை மாற்றக் கூடாது. எலும்பில் ஓட்டை இருந்து, மஜ்ஜை அணுக்கள் இரட்டை உட்கருவும் ஒழுங்கற்ற வடிவமுமாக இருந்தால், எர்லிக்கியா இருந்தாலும் மைலோமாவை ஒதுக்க முடியாது. உண்ணி கடித்த நாய்க்குப் புற்று வராது என்று யார் உத்தரவாதம் தந்தார்கள்?

மாட்டில் இந்த மயக்கம் இன்னும் ஆழமானது. தைலேரியா அன்னுலேட்டா என்ற ஒட்டுண்ணி ஹையலோமா உண்ணியின் வழியே மாட்டுக்குள் வந்து வெள்ளணுவுக்குள் நுழைந்ததும், அந்த அணுவை ஓயாமல் பிளவுபடச் செய்கிறது. அணு பிளக்கும்போதெல்லாம் ஒட்டுண்ணியும் கூடவே பிரிந்து இரு மகவணுக்களிலும் போய் அமர்ந்துகொள்கிறது. உட்கரு கொண்ட அணுவாலான ஓர் உயிரி, அத்தகைய இன்னொரு உயிரியின் அணுவை இப்படிப் புற்றணுவின் குணத்துக்கு மாற்றுவது தைலேரியாவில் மட்டுமே அறியப்பட்டுள்ளது. புப்பர்வகோன் ஊசி ஒட்டுண்ணியைக் கொன்றதும் அணு தன் பழைய நிலைக்கு வந்து பெருக்கத்தை நிறுத்திவிடும். புற்றுநோய் ஆய்வாளர்கள் இந்த ஒட்டுண்ணியை ஆர்வத்தோடு பார்ப்பதன் காரணம் இதுவே.

நம் ஜெர்சிக் கலப்பின மாடுகள் நாட்டு மாடுகளைவிட இதற்கு எளிதில் இரையாகின்றன. தோளுக்கு முன்னுள்ள நிணநீர் முடிச்சு தேங்காய் அளவுக்கு வீங்கும். கன்றுகளில் கண் பிதுங்குவதும் உண்டு. மாட்டு லிம்போமாவிலும் முடிச்சு வீங்கும், கண் பிதுங்கும். வைரசுக்குத் தொடர்பில்லாமல் கன்றுக்கு வரும் அரிய லிம்போமா வகையும் இருப்பதால், வயதைக் கொண்டும் பிரிக்க முடியாது. வீங்கிய முடிச்சில் ஊசி போட்டு ஒரு பூச்சு எடுத்தால் போதும்: லிம்போசைட்டுக்குள் நீலமாகப் புள்ளியிட்ட கோக் உருண்டைகள் (ஒட்டுண்ணியின் வடிவம்) தெரிந்தால் தைலேரியா, உருண்டை எதுவுமின்றி ஒரே அளவுப் பெரிய கருவணுக்களே தகடு முழுக்க நிறைந்திருந்தால் லிம்போமா. இந்த ஊசியின் விலை சில ரூபாய்.

7. குறியீடுகளும் அவற்றின் எல்லையும்

அணுவின் மேலும் உள்ளும் உள்ள புரதங்களைக் கொண்டு குலத்தைக் கண்டுபிடிப்பது இன்றைய முறை. சிடி3 டி-அணுவுக்கு, சிடி79ஏ, சிடி20 பி-அணுவுக்கு, சிடி34 மூல அணுவுக்கு, மம்1 பிளாஸ்மா அணுவுக்கு, சிடி61 தட்டணுக் குலத்துக்கு, ஐபிஏ1 ஹிஸ்டியோசைட்டுக்கு. மஜ்ஜை வரை பரவிய லிம்போமாவையும் கடும் லுகேமியாவையும் பிரிப்பதில் சிடி34 கைகொடுக்கிறது. மனிதருக்கென உருவாக்கிய எதிர்ப்பொருள்கள் பலவும் விலங்கணுவில் ஒட்டாததால், ஒவ்வொரு இனத்துக்கும் எது ஒட்டும் என்று தனியே சோதித்தாக வேண்டியிருக்கிறது. ஆட்டுக்கும் எருமைக்கும் இந்தப் பட்டியல் குட்டையானது.

லிம்போசைட்டுகள் ஒரே குலமா என்று மரபணு அடுக்கைக் கொண்டு அறியும் பி.சி.ஆர். சோதனை 2003 வாக்கில் நாய்க்கு வந்தது. ஒரே குலம் என்றால் புற்று என்பது பொது விதி. ஆனால் எர்லிக்கியா தொற்றிய சில நாய்களிலும் ஒரே குலம் என்றே விடை வந்திருக்கிறது. அதோடு, குலத்தைச் சொல்லும் இந்தச் சோதனை அணுவின் வகையைச் சொல்வதில் நம்பகமானதன்று. மைலாய்டு லுகேமியாவிலும் லிம்போசைட் அடுக்கு சில வேளை மாறியிருக்கும். விலையுயர்ந்த சோதனையும் உண்ணியிடம் ஏமாறுகிறது.

8. தொற்றும் கட்டிகள்

தெருநாய்களின் பிறப்புறுப்பில் காலிஃபிளவர்போல் புடைத்து ரத்தம் கசியும் கட்டியைப் பார்க்காத கால்நடை மருத்துவர் நம்மூரில் இல்லை. புணர்ச்சியில் பரவும் இக்கட்டி ஹிஸ்டியோசைட்டுக் குலத்தது என்று பெரும்பாலோர் கருதுகிறார்கள். பரப்புவது வைரஸ் அன்று; ஒரு நாயின் புற்றணுவே இன்னொரு நாயின் மேல் நடப்பட்டு வளர்கிறது. 1876-இல் ரஷ்யாவின் நொவின்ஸ்கி அணுக்களை எடுத்து நட்டே இதைக் காட்டினார். நாய்க்கு 78 குரோமோசோம்கள் இருக்க, இக்கட்டியணுவில் 60-ஐ ஒட்டியே இருக்கும், உலகின் எந்த மூலையில் எடுத்தாலும். பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஒரே நாயின் அணு இன்றுவரை இறக்காமல் நாய் மாற்றி நாயாக வாழ்கிறது என்பதே பொருள். 2019-இல் வெளியான மரபணு ஆய்வு அந்த முதல் நாயை 4,000 முதல் 8,500 ஆண்டுகளுக்கு முன், ஆசியாவில் வைக்கிறது.

மேலைநாட்டு நூல்களில் 'அரிது' என்று இடம்பெறும் இக்கட்டி, தெருநாய் திரியும் நாடுகளில் அன்றாடக் காட்சி. சிகிச்சை வின்கிரிஸ்டின், வாரம் ஒருமுறை, நான்கு முதல் ஆறு ஊசி. அம்மருந்தைத் தரும் நித்தியகல்யாணி தென் தமிழக மானாவாரி நிலங்களில் பயிராகவே விளைகிறது.

கடலிலும் இத்தகைய தொற்று உண்டு. வட அமெரிக்காவின் கிழக்குக் கரையில் மென்தோட்டு மட்டிகள் ரத்த அணுப் புற்றால் கூட்டம் கூட்டமாக மடிந்தன. 2015-இல் அந்த அணுக்களின் மரபணுவைப் படித்தபோது அவை மடிந்த மட்டியினுடையவையாக இல்லை. எல்லாம் ஒரே முன்னோரின் குலம். கடல்நீர் வழியே லுகேமியா நீந்திப் போயிருக்கிறது. ஸ்பெயின் கரையில் ஒரு மட்டி இனத்தில் கண்ட புற்றோ வேறோர் இனத்திலிருந்து தாவி வந்தது.

9. 'அரிது' என்ற சொல்

ஒரு நோய் அரிதாக இருப்பது வேறு, அரிதாகப் பார்க்கப்படுவது வேறு. நாயைப் பத்து வயது வரை வளர்த்து, ரத்தம் சோதித்து, இறந்தபின் அறுத்துப் பார்க்கும் நாடுகளின் எண்ணிக்கையைக் கொண்டே பாடநூல்கள் 'அரிது' என்கின்றன. அந்தச் சொல்லை நாம் அப்படியே கடன் வாங்கியிருக்கிறோம். ஆட்டை அது கிழடாகுமுன் கறிக்கு விற்றுவிடுகிறோம். ஆட்டின் லுகேமியா பற்றி அறிய அதற்கு வயதாக வேண்டுமே. எருமையின் மஜ்ஜையை யாரும் காரணமில்லாமல் குத்திப் பார்ப்பதில்லை.

காங்கேயத்திலோ கடலூரிலோ ஒரு மாடு சில வாரம் மெலிந்து, கழுத்து நாளம் புடைத்து, தாடைக்குக் கீழ் நீர் கோத்துச் செத்தால், 'வயிற்றில் கம்பி போயிருக்கும்' என்பதே முதல் ஊகம். இரும்புக் கம்பி இதய உறையைக் குத்தினாலும் இதே குறிகள்தாம். பெரும்பாலும் அந்த ஊகம் சரியாகவும் இருக்கும். வலது மேலறையின் சுவரில் லிம்போமா படர்ந்தாலும் இதே குறிகள்தாம். இரண்டையும் பிரிக்க இதயத்தைத் திறக்க வேண்டும். பெரும்பாலான மாடுகள் திறக்கப்படாத இதயத்தோடு, தோட்டத்து மூலையில் உப்புப் போட்டுப் புதைக்கப்படுகின்றன.